முத்துக்கரையில் ஓர் இத்தாலிப் பயணம்

கோடை விடுமுறையில் இத்தாலி பார்ப்பது என்று நண்பர்கள் பேசிவைத்திருந்தோம். வெனிஸ், ஜெனோவா, பிசா, ரோம் என்று ஊர்ப் பட்டியலும் போட்டாகிவிட்டது. கல்லூரியில் வரலாறு நடத்தும் நண்பர் அந்தப் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஊர்க்காரங்க எல்லாம் நம்ம தூத்துக்குடிக் கரைக்கு வந்து போனவங்க. அவங்க என்னத்தைத் தேடி இங்க வந்தாங்கன்னு முதல்ல பார்ப்போம். பிறகு அவங்க ஊருக்குப் போகலாம்." எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. பட்டியலை மாற்றாமல், டிக்கெட்டை மட்டும் மாற்றி, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

மே மாத வெயிலில் தூத்துக்குடியா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் இந்தக் கரையின் பழைய பெரும்பருவமே இதுதான். பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்து கிடக்கும் நாட்களில்தான் முத்துக்குளிப்பு நடந்தது. ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை என்று மார்கோ போலோவும் எழுதிவைத்திருக்கிறார்.

பனிமய மாதா

ரயிலடியிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வந்தால் முதலில் எதிர்கொள்வது பனிமய மாதா பேராலயம். ஊரில் பழைய ஆட்கள் தஸ்நேவிஸ் மாதா கோயில் என்பார்கள். இப்போதுள்ள கட்டடம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. உள்ளே இருக்கும் மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது இங்குள்ள மரபு.

உப்பு விளையும் ஊரில் பனிக்கு ஒரு மாதா எப்படி வந்தார்? விடை ரோமில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில், கொளுத்தும் கோடையில், ஆகஸ்ட் 5ஆம் நாள் ரோமின் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்தது என்றும், பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கோயில்தான் சாந்தா மரியா மஜ்ஜோரே. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே விதானத்திலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைச் சொரிகிறார்கள். அதே ஆகஸ்ட் 5தான் தூத்துக்குடியில் திருவிழாவின் நிறைவு நாள். ஜூலை 26இல் கொடியேறி, சாதி மத வேறுபாடு பாராமல் ஊரே கூடுகிறது. 1806இல் செய்த தங்கத்தேர் எப்போதாவதுதான் ஓடும். 2023இல் ஓடியபோது வெளிநாடுகளில் இருக்கும் கடற்கரை மக்கள்கூட விடுப்புப் போட்டு வந்தார்கள்.

கோயிலில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது காலைப் பூசை முடிந்திருந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் செருப்பை வாசலில் விட்டு, தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று ஜெபித்தார். ரோமில் பிறந்த ஒரு பக்தி இந்தக் கரையில் இந்த மக்களின் உடம்புக்குள் போய்விட்டது. அதை இனி யாரும் இறக்குமதி என்று சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் மக்ரூன். ஒரு பேக்கரியின் பின்கட்டில் அதைச் செய்வதைப் பார்க்க அனுமதித்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே பிரித்து, சர்க்கரை சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடிக்கிறார்கள். பொடித்த முந்திரியை அதில் கலக்கிறார்கள். மாஸ்டர் ஒரு கை மாவை எடுத்துத் தாளில் வைத்து விரலைச் சுழற்றி உயர்த்தினால், கூம்பாய் ஒரு சுருள் நிற்கிறது. விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் இரவு முழுக்க வைத்து உலர்த்தி எடுக்கிறார்கள். இத்தாலியில் அமரெத்தி என்ற பண்டம் இதே முறையில் வெள்ளைக்கரு, சர்க்கரை, பாதாம் கொண்டு செய்யப்படுகிறது. இங்கே பாதாமின் இடத்தில் முந்திரி. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டைதான். ஒரு வாய் இனிப்பில் மூன்று கண்டங்களின் கடல்வழி இருக்கிறது. செய்பக்குவம் மட்டும் தூத்துக்குடிக்காரர்களுடையது.

கொற்கை: கடல் விட்டுப்போன துறைமுகம்

மறுநாள் விடியற்காலையில் வண்டி பிடித்துக் கொற்கைக்குப் போனோம். வாழைத் தோட்டங்களும் வயல்களுமாக வழி. ஊருக்குள் ஒரு பெரிய குளம், முதிர்ந்த வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில். பாண்டியரின் பெருந்துறைமுகம் இது. கடலோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தாமிரபரணி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை முன்னே தள்ளிக்கொண்டே போனது. கடல் விலக விலகத் துறைமுகமும் அதன் பின்னே நகர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் புன்னைக்காயல், தூத்துக்குடி. இந்தக் கரையின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை நகர்த்தியது அந்த ஆறுதான்.

1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. கிடைத்த கரித்துண்டின் காலக்கணிப்பு கி.மு. எட்டாம் நூற்றாண்டுவாக்கில் போய் நின்றது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தது.

இந்த ஊரின் பெயர் கிரேக்க மொழியில் எழுதிய கடலோடிகளின் குறிப்புகளில் 'கொல்கோய்' என்று வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்' நூல், இங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. அதே நூற்றாண்டில், வடஇத்தாலியின் கோமோ நகரில் பிறந்த பிளினி, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமப் பேரரசிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன என்று மனம் நொந்து எழுதினார். லோலியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு நான்கு கோடி செஸ்டர்ஸ் பெறுமானமுள்ள மரகதமும் முத்தும் பூண்டு வந்ததைத் தாமே பார்த்ததாகவும் சொல்கிறார்.

குளக்கரையில் நின்று அந்த இரண்டு குறிப்புகளையும் நண்பர் அடுத்தடுத்துச் சொன்னார். ஒரு முனையில் கடலுக்குள் தள்ளப்படும் கைதி, மறுமுனையில் விருந்துக்கு வரும் சீமாட்டி. சீமாட்டியின் பெயர் நமக்குத் தெரிகிறது. கைதியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பயணம் முழுக்க இந்தக் கணக்கு எங்களைத் தொடர்ந்து வந்தது.

வெனிஸ் வணிகரும் ஆத்தூர் வெற்றிலையும்

தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலையில் இருபுறமும் உப்பளங்கள். பாத்திகளில் உப்பு வாருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தலையில் துண்டு கட்டி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். அதைக் கடந்தால் பழையகாயல். இன்று அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலையால் அறியப்படும் சிற்றூர்.

சீனத்திலிருந்து 1292இல் கப்பலேறி ஊர் திரும்பிய மார்கோ போலோ, வழியில் கண்ட பெருநகரங்களில் ஒன்றாகக் காயலை எழுதுகிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கே தொட்டுச் செல்லும் என்கிறார். அவர் வெனிஸ்காரர். 1298இல் ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல, பிசா நகரத்து ருஸ்திகெல்லோ எழுதினார். எங்கள் பட்டியலில் இருந்த மூன்று ஊர்கள் அந்த ஒரே புத்தகத்தில் அடங்கிவிட்டன. அதற்குள் காயலும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராயர் கால்டுவெல் இந்தப் பகுதியில் நடந்தும் தோண்டியும் பார்த்தார். ஓட்டுத்துண்டுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் மண்ணெங்கும் சிதறிக் கிடந்ததைப் பதிவுசெய்து, மார்கோ போலோ சொன்ன காயல் இதுவே என்றார். கப்பல் கப்பலாக வந்த சரக்கில் உடைந்தது மட்டும் இங்கே தங்கி, ஒரு நகரம் இருந்ததற்குச் சாட்சியாகியிருக்கிறது.

முத்துக்குளிப்பைப் பற்றி மார்கோ போலோ எழுதியதுதான் எனக்கு மிக நெருக்கம். வணிகர்கள் பெரிய கப்பல்களில் வந்து, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதுபவருக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானதும் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாதல்லவா? 'கடல்கட்டி' என்று நம்மவர்கள் சொன்ன அந்த ஆளுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம்பிக்கையை ஒரு காவல்முறையாகவும் ஆக்கிவைத்திருந்த அந்தச் சாமர்த்தியத்தை வெனிஸ் வணிகர் ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

காயல் மக்கள் எந்நேரமும் ஓர் இலையை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார்கள், அதில் சுண்ணாம்பும் கற்பூரமும் சேர்ப்பார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பழையகாயலைத் தாண்டி, முக்காணி கடந்தால் ஆத்தூர். தாமிரபரணித் தண்ணீரில் வளரும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்துபோனது. அகத்தியைச் சுற்றி ஏறிய கொடிகள், காலடியில் ஓடும் தண்ணீர். கொடிக்கால் பெரியவர் ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார். "காம்பு நீளமா இருக்கும் தம்பி, காரம் கொஞ்சம் கூட. எங்க தண்ணி அப்படி" என்றார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளியூர்க்காரர் வியந்து குறித்துக்கொண்ட பழக்கம், அதே ஆற்றங்கரையில் இன்றும் ஒரு வேளாண்மையாக, பல குடும்பங்களின் பிழைப்பாக நிற்கிறது.

பார்மா இளைஞரும் புன்னைக்காயலும்

ஆத்தூரிலிருந்து கிழக்கே திரும்பினால் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல். நாட்டுப்படகுகள், காயும் வலைகள், உயர்ந்த கோயில். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த சேசு சபையினரின் தலைமையிடம் இது.

சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் இங்கே பொறுப்பேற்றவர் அந்தோனியோ கிரிமினாலி, பார்மா நகரை அடுத்த சிஸ்ஸா என்ற ஊரில் பிறந்தவர். 1549இல், மண்டபத்தை அடுத்த வேதாளையில் வடுகப் படை தாக்கியபோது, மக்களைத் தோணிகளில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்று குத்துப்பட்டு இறந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. சேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். பார்மா என்றால் உலகத்துக்குப் பாலாடைக்கட்டி நினைவுக்கு வரும். கடற்கரை மக்களுக்கு, தங்கள் முன்னோர் தோணியேறித் தப்பும்வரை நின்ற ஓர் இளைஞரின் ஊர் அது.

அவருக்குப் பின் வந்த என்றீக்கே என்றீக்கஸ் போர்த்துக்கீசியர். தமிழ் படித்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அச்சு வேலைக்குக் கடற்கரைப் பரதவர்கள் தங்கள் உழைப்பிலிருந்து பணம் கொடுத்தார்கள். 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. அந்த நூல் நெடுங்காலம் தமிழ்நாட்டின் கண்ணில் படாமல் கிடந்தது. அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டு நமக்குச் சொன்னவர் தனிநாயகம் அடிகள்.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரரான அடிகள் 1930களில் ரோமில் படித்துக் குருவானவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றினார். வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 'ஒன்றே உலகம்' என்று பயண நூல் எழுதினார். கரையிலிருந்து ரோமுக்கும் ரோமிலிருந்து கரைக்குமாக நடந்த இந்தப் போக்குவரத்தின் உச்சம் அவர்தான். முத்து விற்ற பணத்தில் அச்சான நூலைத் தேடி, அந்தக் கரையின் குருவானவர் ஒருவர் ரோமுக்கே போயிருக்கிறார்.

மணப்பாடும் காமநாயக்கன்பட்டியும்

திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். மேட்டின் அடியில் சவேரியார் தங்கிய குகை. அலை வந்து மோதும் அந்த இடத்திலேயே ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்தோம், உப்புக் கரிக்கவில்லை. இந்தக் கரைப்பணியைப் பற்றிச் சவேரியார் ரோமுக்கு எழுதிய கடிதங்கள் ஐரோப்பா எங்கும் படியெடுக்கப்பட்டன. இந்த ஊர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் கப்பலேறினார்கள்.

அவர்களில் ஒருவர் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்குப் போவதற்கு முன், தமிழ் கற்க அவர் தங்கியது இந்த முத்துக்கரையில்தான். அவருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவரைத் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். மாந்துவா பகுதியின் காஸ்தில்யோனேயில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நம் வீரமாமுனிவர்.

அவருக்காகவே ஒரு காலையைக் கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டிக்கு ஒதுக்கினோம். கரிசல் காடு. பரலோக மாதா கோயில். 1711வாக்கில் தமிழகம் வந்தவர் தொடக்கத்தில் பணியாற்றிய ஊர். முப்பது வயதுக்கு மேல் அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கி, 3615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடி, 'தொன்னூல் விளக்கம்' எழுதி, 'சதுரகராதி' தொகுத்தார். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் குழம்பாதபடி வடிவம் திருத்தியதையும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். ஒருவர் தனியே இருந்து இவ்வளவும் கற்க முடியாது. இலக்கணம் சொல்லிக்கொடுத்த புலவர்கள், உச்சரிப்பைத் திருத்தியவர்கள், கதை சொன்ன கிராமத்தார் என்று எத்தனையோ பேர் உடன் இருந்திருக்க வேண்டும். அவர் கதையில் வரும் பரமார்த்த குருவின் சீடர்களைப் பார்த்து நாம் சிரிக்கும் சிரிப்பில் இந்தக் கரிசல் காட்டுப் பேச்சும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

திரேஸ்புரம்

கடைசி மாலையைத் திரேஸ்புரத்துக்கு வைத்திருந்தோம். சங்குகுளிக்கும் குடும்பங்கள் வாழும் பகுதி. ஒரு சங்குகுளி அண்ணாச்சி படகின் நிழலில் உட்கார்ந்து எங்களிடம் பேசினார். கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி இறங்கும் வேலை. அவர் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது.

"கடல் கலங்கலா இருந்தா ஒண்ணும் நடக்காது. சோழக் காத்து அடிச்சா அடிமண்ணு கிளம்பிரும். தெளிவு வர்ற வரைக்கும் கரையிலதான்" என்றார். பிறகு உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினார். பாறையிலும் சிப்பியிலும் கிழிபட்ட தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

முத்துக்குளித்த காலத்தைப் பற்றிக் கேட்டோம். "அது எங்க அப்பா காலம். காலுக்குக் கல்லு, இடுப்புக்குக் கயிறு. மேல கயிறு பிடிக்கிறது மச்சானாத்தான் இருக்கணும். தங்கச்சி தாலி அவன் கையில இருக்கும்போது இவன் ஏன் பயப்படணும்னு பேசிக்குவாங்க" என்றார்.

1563இல் வெனிஸை விட்டுப் புறப்பட்ட செசாரே ஃபெதெரிச்சி என்ற வணிகர் இந்தக் காட்சியைத்தான் நேரில் பார்த்து எழுதினார். கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரம் எழும்பி, பருவம் முடிந்ததும் காணாமல் போகும். முத்துகளைத் தரம் பிரித்து, உருண்டையானவை போர்த்துக்கல்லுக்கு, அடுத்த தரம் வங்கத்துக்கு, அதற்கடுத்தது கன்னடத்துக்கு, கடைசித் தரம் காம்பேக்கு என்று போகும் ஊரின் பெயராலேயே அழைத்தார்கள் என்கிறார். எந்த முத்து எந்தச் சந்தைக்கு என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகளான பார்கள் எப்போதுமே சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வெறுமையாகவும் கிடப்பவை. அதன் பிறகு குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பிகள் சேரவே இல்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. கடலுக்குள் இறங்கி எடுக்கும் தொழில் மட்டும் திரும்பவில்லை.

இந்தப் பயணத்தில் நான் உறுதியாகக் கற்றது ஒன்று. இத்தாலியின் நகரங்களிலிருந்து வந்த ஒவ்வொருவரும் இந்தக் கரையிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வந்தவர்கள். வெனிஸ் முத்தைக் கேட்டது. நொபிலியும் பெஸ்கியும் மொழியைக் கேட்டார்கள். பார்மா இளைஞர் தம் உயிரையே இங்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர்களுக்குக் கொடுத்ததும், கற்பித்ததும், கயிறு பிடித்ததும் இங்கிருந்த மக்கள். வந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இருந்தவர்களின் பெயர்கள் இல்லை.

நாங்கள் இத்தாலிக்கும் போவோம். சாந்தா மரியா மஜ்ஜோரேயில் நிற்கும்போது தூத்துக்குடியை நினைப்போம். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 1961இல் இருபது வயதில் கடலில் இறங்கிய ஒருவருக்கு இன்று எண்பதுக்கு மேல் ஆகிறது. எந்தப் பாரில் எத்தனை பாகம் ஆழம், எந்த நீரோட்டத்தில் இறங்கலாம், மூச்சை எங்கே நிறுத்தவேண்டும், எந்தச் சிப்பியில் முத்து இருக்கும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. கடற்கரை ஊர்களின் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தங்கள் தாத்தாக்களின் முன் ஒரு கைப்பேசியை வைத்து, பேசச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் பேசுபவரின் பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.